குளவிக் கூடும் கோழிக் கூடும்

என் ஆசை அண்ணே,

உன் கருமாதி அன்றைக்கு உன் கோழிகளையே அடித்துக் குழம்பு வைக்கப் பார்த்தார்கள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். நலம் விசாரித்து, இங்கே மழை, இங்கே பனி என்று எழுதி, அப்புறம் மெதுவாக இந்த இடத்துக்கு வந்து சேருகிற பொறுமை எனக்கு இல்லை. நீ போனதிலிருந்தே இல்லை. வேலையிடத்தில் பிள்ளைகளுக்குச் சோறூட்டும்போது மட்டும் கொஞ்சம் அடங்கி இருக்கிறேன். வீட்டுக் கதவைத் திறந்ததும் மறுபடி ஏறிவிடுகிறது.

அழுதுவிடு, அழுதால் சரியாகிவிடும் என்கிறார்கள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வருகிறது. யார் மேல் என்று கேட்டால் எங்கிருந்து தொடங்குவேன்? உன் மேலும்தான் வருகிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இதை ஊருக்கே கேட்கும்படி எழுதுகிறேன். அதனால் உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள். அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே தொழிலாளர்களின் ஒற்றை அறை வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கும் மேட்டு லயம். அதன் கடைசிக் காம்பராவில், அம்மாவும் போனபிறகு, நீயும் நானும். நீ சந்திரன். மலையில் பெண்கள் பறித்துக் கொட்டும் கொழுந்தைச் சாக்கில் கட்டித் தோளில் சுமந்து லொறியில் ஏற்றுவது உன் வேலை. நான் வசந்தி. தாய்மார் மலைக்குப் போனபின் அவர்களுடைய குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைமடுவத்தில் எனக்கு வேலை. காம்பராவின் பக்கச் சுவரை ஒட்டி, பழைய தகரமும் மூங்கிலும் உரப்பையும் சேர்த்து நீ கட்டிய கோழிக்கூடு.

அந்தக் கூடு எப்படி வந்தது என்பதை நான் சொன்னால்தான், அன்றைக்கு நான் ஏன் அப்படிக் கத்தினேன் என்று மற்றவர்களுக்குப் புரியும்.

அம்மா உயிரோடிருந்த கடைசித் தீபாவளி. பண்ணைகளில் முட்டையிட்டு ஓய்ந்த கோழிகளை லொறியில் அடைத்துக்கொண்டு வந்து லயத்து வாசலில் விற்பார்களே, அதில் ஒன்றை வாங்கிக் காலைக் கட்டித் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு வந்தாய். கட்டை அவிழ்த்து வாசலில் விட்டதும் அதற்கு நிற்கத் தெரியவில்லை. சரிந்து விழுந்தது. பிறந்ததிலிருந்து கம்பிக் கூண்டுக்குள்ளேயே நின்ற கோழி. கழுத்தில் இறகு இல்லை. அலகின் நுனியை நறுக்கியிருந்தார்கள். நீ கத்தியோடு அதன் முன்னால் குந்தினாய்.

அது ஒரு காலைத் தூக்கி மண்ணில் வைத்துப் பார்த்தது. எடுத்தது. மறுபடி வைத்தது. பிறகு மெல்ல ஒரு தடவை கிளறியது. தன் கால் கிளறிய மண்ணைப் பார்த்துத் தானே பயந்து பின்வாங்கியது.

"அம்மா, இது இப்பத்தான் மண்ணுல நடக்கப் பழகுது. இத எப்பிடிம்மா வெட்டுறது?" என்றாய்.

"அப்ப தீவாளிக்குக் கறி?"

"உருளக்கெழங்கு இருக்குல்ல."

அம்மா உன்னைத் திட்டிக்கொண்டே கிழங்கு அவித்தார். அந்தக் கோழிக்கு நீ ராணி என்று பெயர் வைத்தாய். அதற்கு இறகு முளைக்கும்வரை அதன் கழுத்தில் தேங்காய் எண்ணெய் தடவினாய். என் தலைக்கு வைத்திருந்த எண்ணெய், அண்ணே. கேட்டதற்கு, "ஒனக்குத்தான் முடி இருக்கே" என்றாய்.

ராணிக்குத் துணை வேண்டும் என்று மற்றவை வந்தன. கழுத்தை நிமிர்த்திக்கொண்டு எல்லாரையும் அதட்டும் கருப்புக் கோழிக்குக் கண்டாக்கம்மா என்று பெயர். குஞ்சுகளை வரிசை பிசகாமல் கூட்டிப் போகிறதற்கு டீச்சர். விடியக்காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு முந்தியே கூவி எல்லாரையும் எழுப்புகிற சேவலுக்குப் பெரட்டு என்றே வைத்துவிட்டாய். முட்டையெல்லாம் பிள்ளைமடுவத்துக் குழந்தைகளுக்கு. ஒன்றைக்கூட நீ விற்கவில்லை, வெட்டவில்லை. "சந்திரனுக்குப் பொண்டாட்டி எதுக்கு, அதான் கூடு நெறய வச்சிருக்கானே" என்று லயத்தில் கேலி செய்வார்கள். நீயும் அவர்களோடு சேர்ந்து சிரிப்பாய். பனிக் காலத்தில் செங்கல்லை அடுப்பில் சுட்டு, சாக்கில் சுற்றிக் கூட்டுக்குள் வைப்பாய். எனக்கும் குளிர்கிறது என்றால், "போத்திக்கிட்டுப் படு" என்பாய்.

இப்போது குளவிக்கு வருகிறேன்.

ஏழாம் நம்பர் மலையில், நடுப்பாதைக்கு மேலே நிற்கிற பெரிய மரத்தில் குளவி கூடு வைத்திருப்பதை நீதான் முதலில் பார்த்தாய். முறத்தைக் கவிழ்த்தது மாதிரித் தொங்குகிறது என்று வீட்டுக்கு வந்து கையால் காட்டினாய். மலையில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவிடம் சொல்லியிருந்தாய். அவர் சொன்ன பதிலை அவர் குரலிலேயே பேசிக் காட்டினாய். "கொழுந்து முத்திக்கிட்டுப் போவுது. மொதல்ல அத எடுக்கட்டும். கூட்ட பொறவு பாப்போம்." நான் சிரித்தேன். நீ அவரைப் போலவே பேசுவாய்.

மறுபடியும் சொன்னாய். "தொரக்கிட்ட சொல்லியாச்சு, ஆள் வரணும்" என்று தோட்டத்து மேனேஜரைக் கைகாட்டினார். ஆள் வரவில்லை. கொழுந்துக்கு மட்டும் பெண்களை அனுப்பிக்கொண்டே இருந்தார்கள்.

அன்றைக்குக் காற்று பலமாக இருந்தது. கிளை ஆடிக் கூடு கலைந்துவிட்டது. பெண்கள் கூடைகளைப் போட்டுவிட்டுச் சிதறி ஓடினார்கள். நீ கீழே ரோட்டில், லொறிக்குப் பக்கத்தில் நின்றாய். உன்னிடத்துக்குக் குளவி வரவே இல்லை. லொறிக்குள் ஏறிக் கதவைச் சாத்தியிருந்தால் போதும். ஆனால் பார்வதி தண்ணீர் ஓடுகிற கானுக்குள் விழுந்து, கால் பிசகி, எழமுடியாமல் கிடந்தாள். கீழ் லயத்துப் பார்வதி. உனக்கு அவள் சொந்தமும் இல்லை, சிநேகிதமும் இல்லை. நீ வெறும் சாக்குகளை அள்ளிக்கொண்டு மேலே ஓடினாய். அவளை மூடினாய். சாக்கு ஒருவருக்குத்தான் போதுமானதாக இருந்தது.

குளவி அடங்கி ஆட்கள் உங்களிடம் வந்தபோது உனக்கு நினைவு இருந்தது. லொறியில் அரைப் பாரம் கொழுந்து ஏறியிருந்தது. அந்த மூட்டைகளின் மேலேயே உன்னைக் கிடத்தினார்கள். தோட்டத்துக்கு ஆம்புலன்ஸ் கிடையாது, நமக்கு எப்போதும் லொறிதான். அதைக்கூட விடு. கண்டாக்கையா டிரைவரிடம் என்ன சொன்னார் தெரியுமா?

"போற வழிதான? பெக்டரியில மூட்டய எறக்கிப்புட்டுப் போ."

இறக்கினார்கள், அண்ணே. நீ மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தாய். உன்னை ஒரு பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டு, நீ கட்டிய மூட்டைகளை, நீ உன் தோளில் சுமந்து ஏற்றிய மூட்டைகளை, ஒவ்வொன்றாக இறக்கினார்கள். அப்புறம்தான் ஆசுபத்திரி. சேதி கேட்டு அங்கே ஓடிவந்த என்னிடம் லொறியில் வந்தவர்கள்தான் இதைச் சொன்னார்கள்.

டவுன் ஆசுபத்திரியில் டாக்டர் உன் கண்ணை விரித்துப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் முந்திக் கொண்டு வந்திருக்கலாமே" என்றார். கொஞ்சம் என்றால் எவ்வளவு? ஒரு மூட்டையா, எல்லா மூட்டையுமா? அவரிடம் கேட்கத்தான் நினைத்தேன். என் வாய் திறக்கவில்லை.

சாவு வீட்டுக்குத் துரை வந்தார். சப்பாத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று சிங்களத்தில் ஏதோ சொன்னார். எனக்குச் சிங்களம் தெரியும், புரிந்தது. ஆனாலும் கண்டாக்கையா அதைத் தமிழில் மாற்றிச் சொன்னார். "எல்லாம் விதின்னு தொர சொல்றாரு." பக்கத்திலிருந்த பெண்கள் தலையாட்டினார்கள். அன்றைக்கும் என் வாய் திறக்கவில்லை.

உன்னை அடக்கம் செய்த மறுநாள் காலையில், சேவல் கூவிக் கூவிக் குரல் கம்மிப்போன பிறகுதான் கூட்டைத் திறக்க யாருமில்லை என்று எனக்கு உறைத்தது. போய்த் திறந்தேன். கோழிகள் உன்னைத் தேடும், வாசலில் நின்று பார்க்கும், தீனி எடுக்காது என்றெல்லாம் நினைத்திருந்தேன். ஒன்றும் இல்லை. குறுணியை வீசினேன், விழுந்தடித்துக்கொண்டு தின்றன. உன்னை அவை தேடவே இல்லை, தீனி வந்தால் போதும் அவற்றுக்கு. அதற்கும் எனக்குக் கோபம் வந்தது. நன்றிகெட்ட சனியன்களே என்று கத்தினேன். கண்டாக்கம்மா தலையைச் சாய்த்து என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி தின்னப் போய்விட்டது.

ஆனால் அதற்குப் பிறகு ஒரு காலையும் நான் கூட்டைத் திறக்கத் தவறவில்லை.

கருமாதிக்கு வட்டவளையிலிருந்து சித்தப்பா வந்தார். அப்பாவின் தம்பி, நமக்கு மிச்சமிருக்கும் பெரிய தலை. வந்த நேரத்திலிருந்து எல்லாவற்றையும் அவரே நடத்தினார். பந்தல் போட்டார், பூசாரியைச் சத்தம் போட்டார், என்னைத் தேங்காய் வாங்க அனுப்பினார். கடையிலிருந்து திரும்பி வரும்போது வாசல் கானில் செம்மண் நிறத்து இறகுகள் மிதந்து வந்தன. நான் தேங்காய்ப் பையைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன்.

டீச்சரும் கண்டாக்கம்மாவும் கால் கட்டப்பட்டுக் கிடந்தன. ராணியைக் காணவில்லை. அப்புறம் சுடுதண்ணீர்ச் சட்டியைப் பார்த்தேன். வயதாகி, மெதுவாக நடந்துகொண்டு, யார் கூப்பிட்டாலும் வருகிற கோழி. முதலில் கைக்கு அகப்பட்டிருக்கிறது.

"சித்தப்பா, என்னா பண்றீங்க?"

"கருமாதி முடிஞ்சா கறிச்சோறு போடணும்ல. அம்புட்டுச் சனம் வந்திருக்கு. கறிக்கு எதுக்கு டவுனுக்கு ஓடணும், கூட்டுல இத்தன கெடக்குறப்ப?"

"இது அண்ணன் வளத்த கோழிக. அண்ணன் ஒண்ணக்கூட வெட்டுனதில்ல. ஒங்களுக்குத் தெரியும்."

"அவனே போயிட்டான். இனி இதுகள வச்சி நீ என்னா பண்ணப்போற? செத்தவன் எந்திரிச்சு வந்து கேக்கப்போறானா?"

சிரித்தார். கூட நின்றவர்களும் சிரித்தார்கள். உன் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஆசுபத்திரியிலும் சாவு வீட்டிலும் திறக்காத என் வாய் அப்போது திறந்தது.

"கத்தியக் கீழ வைங்க."

"என்னா?"

"கத்தியக் கீழ வச்சிட்டு எந்திரிங்க. இது என் வாசலு. அண்ணன் கேக்க மாட்டாரு, நான் கேக்குறேன்."

பொம்பளப் பிள்ளைக்கு இவ்வளவு வாய் ஆகாது என்றார். அப்பனும் ஆத்தாளும் இருந்திருந்தால் இப்படி வளர்ந்திருக்க மாட்டேன் என்றார். பந்தலுக்குள் இருந்தவர்களெல்லாம் எழுந்து வந்துவிட்டார்கள். ஒருத்தர்கூட என் பக்கம் பேசவில்லை. ஒரு கோழிக்காகச் சாவு வீட்டில் சண்டையா என்று எனக்குத்தான் புத்தி சொன்னார்கள். நான் கூட்டுக் கதவில் முதுகை வைத்து நின்றுகொண்டேன்.

அப்போதுதான் பார்வதி வந்தாள். நீ காப்பாற்றிய பார்வதி. அதுவரை நான் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சாவுக்கு வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஒரு கண் இன்னும் வீங்கியிருந்தது. காலை இழுத்து இழுத்து நடந்து, கையில் ஒரு பெரிய சட்டியோடு மேட்டில் ஏறி வந்தாள். நடந்ததை ஒரு பார்வையிலேயே பிடித்துவிட்டாள். சட்டியைச் சித்தப்பாவின் முன்னால் வைத்துவிட்டுக் கீழே குந்தி, டீச்சரின் கால்கட்டை அவிழ்க்கத் தொடங்கினாள்.

"கொழம்புதான வேணும்? சோயாமீட் ஆக்கிக் கொண்டாந்திருக்கேன். ஊத்தித் தின்னுங்க. அவரு வளத்ததுல கை வைக்காதீங்க."

"நீ யாரு இதுல பேசுறதுக்கு?" என்றார் சித்தப்பா.

பார்வதி நிமிர்ந்து பார்த்தாள். "நான் சாக வேண்டியவ. அவரு செத்தாரு. நான் யாருன்னு நீங்களே சொல்லுங்க."

சித்தப்பா கத்தியைத் தகரத்தின் மேல் வீசிவிட்டுப் போனார். சாப்பிடாமலே பஸ் ஏறினார். இன்றுவரை ஒரு ஃபோன் இல்லை. வந்தாலும் பேச எனக்கு ஒன்றுமில்லை.

ராணியைச் சுடுதண்ணீரிலிருந்து எடுத்தேன். நீ இடுப்பில் உடுத்தின பழைய சாரத்தில் சுற்றி, கூட்டுக்கு மேலே தேயிலைக்கு நடுவில் புதைத்தேன். "கோழிக்குச் சாரமா" என்று முதுகுக்குப் பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். பேசட்டும். பார்வதி நொண்டிக் காலோடு கூடவந்து மண் தள்ளினாள்.

அவளோடு நான் உடனே கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன் என்று நினைத்துவிடாதே. மண்ணை மூடிவிட்டுக் கையைத் தட்டியதும் கேட்டேன்.

"எங்கண்ணன் ஓடி வந்தப்ப, போயிருங்கன்னு நீ ஏன் சொல்லல?"

"சொன்னேன் அக்கா. போயிருங்கண்ணே, போயிருங்கண்ணேன்னு கத்துனேன்." அவள் மண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அவரு, பேசாத, வாய மூடிக்க, குளவி வாய்க்குள்ள போயிரும்னு சொன்னாரு."

அதற்கு மேல் அவள் மேல் கோபப்பட முடியவில்லை. அதனால் அந்தக் கோபமும் வந்து மற்றக் கோபங்களோடு சேர்ந்துகொண்டது. இப்போது நான் பிள்ளைமடுவத்துக்குப் புறப்படும் அவசரத்தில் இருந்தால், பார்வதிதான் வந்து கூட்டைக் கூட்டி, பழைய உமியை அள்ளிவிட்டுப் புதிது பரப்புகிறாள்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன்.

வெளிநாட்டுக்காரர்கள் சிலர் தோட்டத்தைப் பார்க்க வருகிறார்கள், அவர்கள் நல்லபடியாகச் சொன்னால்தான் நம் தேயிலைக்கு அங்கே மதிப்பு என்று ஒரு பேச்சு வந்தது. லயத்துச் சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். ஒழுகுகிற கூரையைத் தொடவில்லை, ரோட்டிலிருந்து தெரிகிற சுவர்களுக்கு மட்டும் சுண்ணாம்பு. ஒரு சாயந்திரம் கண்டாக்கையா நம் வாசலுக்கு வந்தார்.

"லயத்தச் சுத்தித் துப்பரவா இருக்கணும்னு தொரயோட ஆர்டர். நாளைக்குள்ள இந்தக் கோழிக்கூட்ட எடுத்துரு."

"இத்தன வருசமா இருக்குதுங்களே?"

"எடுக்கலேன்னா ஆள் வந்து எடுக்கும்."

வந்தது, அண்ணே. மறுநாள் பெரட்டுக்கு முன்னாலேயே கூட்டை நெம்பிப் பிடுங்க அலவாங்கும் மண்வெட்டியுமாக ஆட்கள் வந்து நின்றார்கள். நீ எத்தனை தரம் கேட்டும் குளவிக் கூட்டுக்கு வராத ஆள், உன் கோழிக் கூட்டுக்கு ஒரே இரவில் வந்துவிட்டது. ஏழாம் நம்பர் மலையில் அந்தக் குளவிகள் மறுபடி கூடி, அதே மரத்தில் கட்டிக்கொண்டிருந்தன. பெண்கள் அந்த மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் மறுபடி கூட்டுக் கதவில் முதுகை வைத்து நின்றேன்.

"கண்டாக்கையா, ஏழாம் நம்பர்ல அந்தக் கூட்ட எடுத்தாச்சுங்களா?"

"அது வேற, இது வேற."

"ரெண்டும் கூடுதானுங்களே. அது ஆளக் கொன்ன கூடு. இது பிள்ளைகளுக்கு முட்டை குடுக்குற கூடு. எத மொதல்ல எடுக்கணும்?"

"வசந்தி, நீ தோட்டத்துல வேல செய்றவ. வார்த்தைய அளந்து பேசு."

"எங்கண்ணனும் தோட்டத்துல வேல செஞ்சவருதான்."

பெரட்டுக்குப் போகிற வழியில் பெண்கள் நின்று கூடிவிட்டார்கள். தலையில் கூடைக் கயிறும் இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்குமாக அப்படியே நின்றார்கள். கூட்டத்துக்குள்ளிருந்து பார்வதிதான் முதலில் பேசினாள். "அந்தக் கூட்ட எடுக்காம நான் ஏழாம் நம்பருக்குப் போவமாட்டேன்." பக்கத்திலிருந்தவள், நானும்தான் என்றாள். அப்புறம் யார் யார் சொன்னார்கள் என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அலவாங்கு வைத்திருந்தவர் நம் லயத்து ஆள்தான். அதை மெதுவாகச் சுவரில் சாய்த்தார். "என்னால முடியாதுங்கய்யா. சந்திரன் எங்கூடச் சாக்கு தூக்குனவன்" என்றார்.

சில நாள் பெண்கள் பெரட்டுக்களத்திலேயே உட்கார்ந்துகொண்டார்கள். மழையில் நனைந்தபடியே உட்கார்ந்தார்கள். கொழுந்து முற்றத் தொடங்கியது. வெளிநாட்டுக்காரர்கள் வரும் நாள் நெருங்கியது. கடைசியில் துரையே ஜீப்பில் வந்து இறங்கினார். நானும் குழந்தைகளை வேறொருத்தியிடம் விட்டுவிட்டுப் போய் நின்றேன். அவர் சிங்களத்தில் நல்லவிதமாகத்தான் பேசினார். நடந்தது கவலைதான், ஆனால் இப்படிச் செய்தால் கொழுந்து வீணாகிப்போகும், தோட்டத்துக்கு நட்டம் வந்தால் உங்களுக்கும்தானே என்றார்.

நான் அவருடைய பாஷையிலேயே கேட்டேன். சாவு வீட்டிலிருந்து தொண்டையில் சிக்கியிருந்த கேள்வி.

"எங்கள் அண்ணன் செத்தபோது விதி என்றீர்கள், ஐயா. உங்கள் கொழுந்து முற்றுவதும் விதிதானே?"

துரை திரும்பிக் கண்டாக்கையாவைப் பார்த்தார், நான் சொன்னதை அவர் மொழிபெயர்த்துத் தர வேண்டும் என்பது போல.

அன்றைக்குச் சாயந்திரமே உடம்பு முழுக்க மூடிக்கொண்ட ஆட்கள் வந்து, புகை போட்டுக் குளவிக் கூட்டை இறக்கினார்கள். அவ்வளவுதான் வேலை. வெளிச்சம் போவதற்குள் முடிந்துவிட்டது. அதற்குத்தான் நேரமில்லை என்றார்கள், ஆளில்லை என்றார்கள். அதை எடுத்தார்கள் என்று சந்தோஷப்படவா? பெண்கள் சந்தோஷப்பட்டார்கள். நான் அந்த மரத்தடியில் நின்று, இவ்வளவுதானா, இவ்வளவுதானா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

கோழிக்கூடு அப்படியே இருக்கிறது. வெளிநாட்டுக்காரர்களும் வந்து போனார்கள். அவர்களில் ஒரு அம்மா நம் வாசலில் நின்று கண்டாக்கம்மாவை விதம்விதமாகப் படம் பிடித்தார். அது திமிரோடு கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நின்றது. துரை பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார், அவரே குறுணி போட்டு வளர்த்தது மாதிரி. கோழிகளை உள்ளே விரட்டிக் கதவைச் சாத்தினேன்.

வேறு புதினம், புதுச் சேதி? டீச்சர் அடையில் இருக்கிறது. கிட்டப் போனால் கொத்துகிறது. பருந்து ஒன்று அடிக்கடி வட்டமிடுகிறது, கூட்டுக்கு மேலே பழைய மீன்வலை விரித்திருக்கிறேன். சேவல் பெரட்டுக்கு என்னைக் கண்டாலே ஆகவில்லை, முதுகைக் காட்டினால் பாய்ந்து வருகிறது. நானும் அதைத் திட்டுகிறேன். காலையில் நாங்கள் இருவரும் போடுகிற சத்தத்தில் லயமே எழும்பிவிடுகிறது.

இனி உன் மேல் உள்ள கோபம்.

உன் சாவைப் பற்றி, நுவரெலியாவில் அரசாங்க அலுவலகமான தொழில் கந்தோரில் விசாரணை வைத்திருக்கிறார்கள். தோட்டத்தின் பக்கம் என்ன சொல்லப்போகிறார்கள் என்று கண்டாக்கையாவே என்னிடம் சொன்னார், நல்ல மனதோடு எச்சரிக்கிறவர் போல. "ஓடுனவங்க அம்புட்டுப் பேரும் பொழச்சிக்கிட்டாங்க. ஒங்கண்ணன் லொறிக்கிட்டத்தான் நின்னாரு. யாரும் போகச் சொல்லல. அவரு தானாத்தான் திரும்பிப் போனாரு." அப்படித்தான் பதிவாகப்போகிறதாம். தானாகப் போனார். தன் பிழையால் செத்தார்.

அன்றைக்குக் கூட்டைத் திறக்கப் போனவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஏனென்றால் அதே கேள்வியைத்தான் நானும் உன்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நீ ஏன் திரும்பிப் போனாய்? லொறிக் கதவு திறந்துதானே கிடந்தது? சாக்கை அள்ளியபோது வீட்டில் ஒருத்தி இருக்கிறாள் என்று ஒரு கணமாவது நினைத்தாயா? ஒரு கோழியின் கழுத்தைத் திருக மனம் வராத உனக்கு, என்னை இப்படித் தனியாக விட்டுப்போக மட்டும் எப்படி மனம் வந்தது? அம்மாவுக்குப் பிறகு எனக்கு யார் இருந்தார்கள், அண்ணே?

பதில் வராது. தெரியும். ஆனாலும் கேட்பேன். கேட்க எனக்கு உரிமை இருக்கிறது, நான் உன்னோடு பிறந்தவள். அவர்களுக்கு அந்த உரிமை இல்லை. கூட்டை எடுக்காதவர்கள், உன்னை நகர்த்திவிட்டு மூட்டையை இறக்கியவர்கள், நீ ஏன் போனாய் என்று கேட்கக்கூடாது. அவர்கள் வாயில் அந்தக் கேள்வி வரக்கூடாது.

நாளைக்கு விசாரணை. நுவரெலியாவுக்கு முதல் பஸ்ஸில் நானும் பார்வதியும் போகிறோம். வேலையை விட்டு நிறுத்துவார்கள் என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். நிறுத்தட்டும். பொறுமையாகப் பேசு, கோபப்படாதே என்று வேறு சிலர் சொல்கிறார்கள். உனக்கு இப்போதே வாக்குக் கொடுக்கிறேன்: பொறுமையாகப் பேச மாட்டேன். தமிழில் ஒரு தரமும் சிங்களத்தில் ஒரு தரமும், மொழிபெயர்க்க யாரும் தேவைப்படாதபடி சொல்வேன். என் அண்ணன் தானாகப் போகவில்லை. போக வேண்டியவர்கள் யாரும் போகாததால் போனார். அதை அவர்கள் அப்படியே எழுதிக்கொள்ளும்வரை அந்தக் கந்தோர் வாசற்படியை விட்டு இறங்க மாட்டேன். இது உன் மேல் சத்தியம்.

கோபம் ஆறாமல்,
உன் கூடப்பிறந்த ஒரே தங்கச்சி,
வசந்தி